லார்ட்ஸ்டவுனில் பிறந்த டொயோட்டா

டொயோட்டா கவலியர். 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மூக்கில் டொயோட்டா முத்திரை. வண்டி செய்யப்பட்டதோ அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லார்ட்ஸ்டவுனிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில். அந்த ஊரில் அதற்குப் பெயர் செவர்லே கவலியர்.

பின்னணி, வர்த்தகச் சண்டை. ஜப்பானியச் சொகுசுக் கார்களுக்கு 100 சதவீத வரி என்று 1995-இல் அமெரிக்கா மிரட்டிய காலம். அமெரிக்க வண்டியை ஜப்பானில் விற்றுக்காட்ட டொயோட்டாவே முன்வந்தது.

முத்திரையை மட்டும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்வது அநியாயம். ஸ்டீயரிங் வலப்பக்கம் போனது. அதற்குத் தோலுறை போட்டார்கள். பின்பக்க இண்டிகேட்டர் மஞ்சளானது. பக்கக் கண்ணாடிகள் மடங்கின. டிக்கி மூடியின் உள்பக்கத்துக்குக்கூடத் துணி வைத்தார்கள்! சாமான் ஏற்றும்போது மட்டுமே கண்ணில் படுகிற இடம். அங்கே வெறும் தகரம் தெரிந்தால் ஜப்பானிய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைமேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் அகலம். ஜப்பானில் 5-ஆம் எண் வகுப்புச் சிறு காருக்கு எல்லை 1,700 மி.மீ. அகலம், 2,000 சி.சி. இஞ்சின். கவலியர் அகலத்தில் சுமார் 35 மி.மீ. கூடுதல், இஞ்சின் 2.4 லிட்டர். ஆகவே 3-ஆம் எண் வகுப்பு. இஞ்சின் அளவுக்கு ஏற்ப ஆண்டு வரியும் 39,500 யென்னிலிருந்து 45,000-க்கு ஏறியது. வரியைக் கட்டிவிடலாம். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கவேண்டிய சந்தில் தினமும் ஓட்டுவது யார்?

ஆண்டுக்கு 20,000 வண்டி என்று இலக்கு. 2000-இல் நிறுத்தியபோது மொத்தமே 36,000 சொச்சம்.

மறுபக்கம் கலிஃபோர்னியா. ஃப்ரீமான்ட் ஆலையில் 1984 முதல் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து கார் செய்தன. கொரோலாவும், அதன் உடன்பிறப்பான ஜியோ பிரிஸமும் ஒரே கூரையின்கீழ் உருவாயின. அமெரிக்கர்கள் கொரோலாவைத்தான் தேடிப்போய் வாங்கினார்கள். அங்கே முத்திரை அவ்வளவு வேலை செய்தது. அதே முத்திரையால் டோக்கியோவில் ஒரு சந்தை அகலப்படுத்த முடியவில்லை.

லார்ட்ஸ்டவுன் ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 2019 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது. வலப்பக்க ஸ்டீயரிங் பொருத்திப் பழகிய கைகள் அந்த ஊரில் இன்னும் இருக்கும்.