பிள்ளை யாரிடம் வளரும்?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலத்தில் நான் ஒருபோதும் எழுதாத ஒருவகை வழக்கு உண்டு. கொலையும் கொள்ளையும் தலைப்புச் செய்தியாகும். பிரிந்துவிட்ட தாயும் தந்தையும் பிள்ளைக்காக வாதாடும் வழக்கையோ எழுதலாகாது. எழுதினால் பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைதான். ஆகவே பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்டவற்றைப் பெயர்களின்றி எழுதுவதற்கு இப்போது காரணம் இருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வாசகர்கள் இதுபற்றி அடிக்கடி கேட்கிறார்கள்.

இலங்கையில் இவ்வழக்குகளை விசாரிப்பது மாவட்ட நீதிமன்றம். அடிப்படையாக இருப்பது உரோமன் டச்சுச் சட்டம். அது தந்தையின் உரிமைக்கே முன்னுரிமை அளித்தது. ஆயினும் பராயமடையாத பிள்ளைகள் அனைவருக்கும் நீதிமன்றமே மேலான பாதுகாவலர் என்பதும் அச்சட்டத்தின் கோட்பாடுதான். அதைப் பற்றிக்கொண்டே நமது நீதிபதிகள் தந்தையின் முன்னுரிமையைப் படிப்படியாகப் பின்னுக்குத் தள்ளினர். இன்று முதன்மை பெறுவது பிள்ளையின் நலன். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் உடன்படிக்கை, பிள்ளையின் கருத்துக்கும் வயதுக்கேற்ற மதிப்பளிக்கக் கோருகிறது.

நலனை எதைக்கொண்டு அளப்பது? பிள்ளையின் வயது, இதுவரை நாளாந்தம் பராமரித்தவர் யார், பாடசாலை, சகோதரர்களைப் பிரிக்காதிருத்தல் ஆகியன கவனிக்கப்படும். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை பெறப்படுவதுண்டு. சில வேளைகளில் நீதிபதி பிள்ளையைத் தமது அறைக்கு அழைத்துப் பேசுவார். மிகச் சிறிய பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற எண்ணம் பெரும்பாலும் மேலோங்கும்.

இவையெல்லாம் சட்டப் புத்தகத்தில் உள்ளவை. நான் கண்ட அளவில், இவை அனைத்தையும்விட வலிய சாட்சி ஒன்று உண்டு. அது காலம். முதலில் இடைக்கால உத்தரவு வரும். பின்னர் தவணைக்குமேல் தவணை. அதற்குள் பிள்ளை ஒரு வீட்டில் வேரூன்றிவிடும். வேரூன்றிய பிள்ளையைப் பிடுங்கி நட எந்த நீதிபதியும் தயங்குவார், தயங்குவது நியாயமுங்கூட.

எனக்கு நன்கு தெரிந்த குடும்பம் ஒன்றில், வழக்குத் தொடங்கியபோது மகளுக்கு மூன்று வயது. முடிந்தபோது அவள் நான்காம் வகுப்பு. இடையில் தந்தை அவளைக் கண்டது சில சனிக்கிழமைகளில், அம்மம்மா வீட்டு விறாந்தையில். ஒரு பிறந்தநாளுக்கு அவர் வாங்கிச்சென்ற சட்டை அவளுக்கு இரண்டு அளவு சிறியதாக இருந்தது. இறுதித் தீர்ப்பு, அதற்குள் நடந்து முடிந்துவிட்ட ஒன்றை எழுத்தில் பதிந்தது, அவ்வளவே.

வெளிநாட்டில் பிரிந்தவர்களில் ஒருவர், விடுமுறைக்கென்று பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்பாமல் விடும்போதும் காலமே ஆயுதமாகிறது. பிள்ளை கடத்தல் தொடர்பான ஹேக் உடன்படிக்கைக்கு இலங்கை 2001இல் சட்டம் இயற்றியது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவில் திரும்ப வேண்டும், யாரிடம் வளர்வது என்பதை அந்நாட்டு நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆறு வாரங்களுக்குள் முடிவு வேண்டும் என்கிறது உடன்படிக்கை. ஓராண்டு கழித்து விண்ணப்பித்தால், பிள்ளை புதிய சூழலில் நிலைகொண்டுவிட்டதெனக் காட்டித் திருப்பி அனுப்புவதை எதிர்க்கலாம். அந்த ஓராண்டை எதிர்பார்த்தே இழுத்தடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் 2021 மார்ச்சிலிருந்து 'கஸ்டடி' என்ற சொல்லே இல்லை. பெற்றோர் பிள்ளையுடன் கழிக்கும் நேரம், முடிவெடுக்கும் பொறுப்பு என்ற சொற்கள் அவ்விடத்துக்கு வந்துள்ளன. சொல்லை மாற்றினால் மனம் மாறிவிடாதுதான். எனினும் பிள்ளை வென்றெடுக்கும் பொருளல்ல என்பதையாவது அது நினைவூட்டுகிறது.

பிரிந்துவாழும் பெற்றோருக்கு இந்த முதிய பத்திரிகையாளன் சொல்லக்கூடியது இதுதான். வன்முறையோ அச்சமோ இருந்தால் நீதிமன்றத்தை நாடத் தயங்காதீர்கள். அவை இல்லையெனில், சட்டத்தரணிகளை வைத்துக்கொண்டாவது பேசி முடித்து, இணக்கத்தை நீதிமன்றத்தில் பதிவுசெய்யுங்கள். நிலைமை மாறினால் அந்த உத்தரவை மாற்றக் கேட்கலாம். பிள்ளையின் மூன்று வயதை மட்டும் எந்த நீதிமன்றத்தாலும் உங்களுக்குத் திருப்பித்தர முடியாது.