சாஃப்ட்வேருக்கு வெட்கம் கிடையாது

எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர் யாரும் தீசிஸ் எழுதாமல் பட்டம் வாங்க முடியாது. அந்தத் தீசிஸின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். மாஸ்டர் சார்ட் என்பார்கள். வரிசைக்கு ஒரு நோயாளி. வயது, ஆணா பெண்ணா, சர்க்கரை, ரத்த அழுத்தம், வார்டில் எத்தனை நாள், பிழைத்தாரா இல்லையா. தீசிஸில் வரும் சதவீதம், கிராஃப், முடிவுரை எல்லாம் அந்த அட்டவணையிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஆனால் அதை யாரும் படிப்பதில்லை. நான் தொழில் கற்றது அதைப் படித்துத்தான்.

கற்ற இடம் சென்னை அசோக் நகர். அசோகத் தூணிலிருந்து உள்ளே தள்ளி, ஓர் அவென்யூவில் மாடிப் போர்ஷன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரோரம் பழைய ஃபைல்கள். மேடம் அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் புள்ளியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரைப் போட்டால் திட்டுவார். மேடம் என்றே சொல்கிறேன். பக்கத்திலேயே மெட்ரோ, மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கும் கிண்டியும் எட்டும் தூரம்தான். அதனால் ஊரின் எல்லா மூலையிலிருந்தும் பி.ஜி. டாக்டர்கள் வருவார்கள். தீசிஸ் சமர்ப்பிக்கும் சீசனில் டியூட்டி முடிந்து, பென் டிரைவும் தூக்கம் கெட்ட முகமுமாக ராத்திரி பத்து மணிக்குக்கூட மணி அடிப்பார்கள். நான் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டுப் போயிருந்தேன். சூத்திரங்களை நிரூபிக்கத் தெரியும். நிஜ நோயாளி ஒருவரின் எண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரை எப்போது திறப்போம் என்று நான் காத்திருக்க, மேடம் ஒரு மாஸ்டர் சார்ட்டைப் பிரிண்ட் எடுத்து, பென்சிலும் ஸ்கேலும் கொடுத்து உட்காரவைத்தார். “ஒவ்வொரு வரிசையாப் படிம்மா. இப்படி ஒரு ஆள் உலகத்துல இருக்க முடியுமான்னு பாரு.”

இருக்க முடியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வயது 230 என்று ஒருவர். ஆண் என்று குறிக்கப்பட்டு, கர்ப்பப்பை அகற்றிய விவரமும் உள்ள ஒருவர். அட்மிட் ஆவதற்கு முந்தின வாரமே டிஸ்சார்ஜ் ஆனவர். ஆண் என்பதைப் பெரிய எம், சின்ன எம், முன்னால் ஒரு வெற்றிடம் விட்ட எம் என்று மூன்று விதமாக அடித்திருந்தார்கள். நமக்கு மூன்றும் ஒன்று. பல சாஃப்ட்வேர்களுக்கு மூன்று தனித்தனிப் பாலினம். ஹீமோகுளோபின் 112 என்று ஒரு கர்ப்பிணி. புள்ளி விட்டுப்போயிருக்கிறது, 11.2 என்று திருத்திவிடலாமே என்றேன். “நீ யாரும்மா திருத்த? 12.1-ஆகூட இருக்கலாம். கேஸ் ஷீட்டைப் பார்த்துட்டு வரச் சொல்லு.” கேஸ் ஷீட் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். காலி என்பதும் ஒரு தகவல் என்பது மேடத்தின் கட்சி. ஏன் காலி என்று கேட்டால், பல நேரம் நோயாளி பரிசோதனைக்கு முன்பே இறந்திருப்பார், அல்லது கையில் காசில்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் மருந்து நன்றாக வேலை செய்வதாகத்தான் தெரியும்.

எக்செல் மீது மேடத்துக்குத் தனிக் கோபம். தேதி போலத் தெரியும் எதையும் அது தேதியாக்கிவிடும். மரபணு ஆராய்ச்சியில் மார்ச்1, செப்ட்2 என்று சுருக்கப் பெயர்கள் உண்டு. அவற்றை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் இரண்டாம் தேதி என்று எக்செல் மாற்றிக்கொண்டே இருந்தது. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் அவதிப்பட்டு, கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இறங்கிவந்து மார்ச்எஃப்1, செப்டின்2 என்று பெயரை மாற்றியது. மென்பொருளைத் திருத்துவதைவிட மனித மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் முடிந்துதான் எஸ்.பி.எஸ்.எஸ். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1968-இல் சமூக அறிவியல்காரர்களுக்காக எழுதப்பட்டது, 2009-இல் ஐ.பி.எம். வாங்கியது. நம்மூர்த் தீசிஸ்களில் பாதிக்கு மேல் இதன் பெயரைத்தான் பார்க்கிறேன். மெனுவைத் திறந்து கிளிக் செய்தால் போதும், எந்தப் புள்ளியியல் பரிசோதனையும் ஒரு நொடியில் வந்துவிடும். அதுதான் அதன் வசதி, அதுதான் ஆபத்து. விடுபட்ட எண்ணுக்கு 999 என்று குறியிடும் வழக்கம் உண்டு. அது குறியீடு என்று வேரியபிள் வியூவில் சொல்லவில்லை என்றால், 999-ஐ நிஜ ஹீமோகுளோபினாகவே எடுத்துக்கொள்ளும். 50 பேரில் 48 பேருக்கு 11, இரண்டு பேருக்கு 999 என்றால் சராசரி 50.5. சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை கேட்காது. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று போட்டிருந்தால், பாலினத்தின் சராசரி 1.46 என்று கூசாமல் அச்சடிக்கும். “அதுக்கு வெட்கம் கிடையாதும்மா. நமக்குத்தான் இருக்கணும்” என்பார் மேடம். (அந்த 1.46-இலும் ஒரு சேதி உண்டு: நூற்றுக்கு 46 பேர் பெண்கள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு ஒரு காபி கிடைத்தது.)

எந்தச் சராசரியை எழுதுவது என்பதற்கே ஒரு மாலை முழுக்கப் பாடம் நடந்தது. ஒன்பது நோயாளிகள் வார்டில் இருந்த நாட்கள்: 3, 3, 4, 4, 5, 5, 6, 7, 62. கூட்டி வகுத்தால் 11. ஆனால் 11 நாளுக்கு மேல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். நடுவில் நிற்கும் 5-தான் அந்த வார்டைப் பற்றிய உண்மை. ஆஸ்பத்திரிக் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு பக்கம் வால் நீண்டு கிடக்கும். பாடப்புத்தகத்து மணி வடிவ வளைவை அங்கே தேடிப்போனால் ஏமாற்றம்தான். பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க மேடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: “ஒரே ஆளை ரெண்டு தடவை அளந்தாங்களா, ரெண்டு வேற வேற ஆளா?” மாத்திரைக்கு முன்னும் பின்னும் அதே நோயாளியின் ரத்த அழுத்தம் என்றால் ஒரு டி டெஸ்ட், இரு வேறு குழு என்றால் வேறு டி டெஸ்ட். மெனுவில் இரண்டும் ஒரே பட்டியலில். எதை அழுத்தினாலும் விடை வரும்.

அழுத்திய ஒவ்வொன்றுக்கும் தடயம் இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். எஸ்.பி.எஸ்.எஸ்-இல் ‘ஓகே’க்குப் பக்கத்தில் ‘பேஸ்ட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. செய்யப்போவதைக் கட்டளை வரிகளாக எழுதிக் கொடுத்துவிடும். அதைச் சேமித்து, அதை ஓட்டித்தான் விடை எடுக்க வேண்டும். பிறகு மேடம் என்னை ‘ஆர்’ என்ற சாஃப்ட்வேர் பக்கம் தள்ளிவிட்டார். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களில் உருவாக்கியது, காசு கிடையாது. எஸ்.பி.எஸ்.எஸ். லைசென்ஸின் விலை பி.ஜி. மாணவரின் கைக்கு எட்டாது. திருட்டுக் காப்பியை மேடம் மாடி ஏற விடமாட்டார். ‘ஆர்’-இல் எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியது நிற்கும். யார் வேண்டுமானாலும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

இதற்கு அவர் சொல்லும் கதை டியூக் பல்கலைக்கழகத்துடையது. எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்று மரபணுவை வைத்து முன்கூட்டியே சொல்லலாம் என்று 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. நோயாளிகளை வைத்துச் சோதனைகளும் தொடங்கின. ஹூஸ்டனில் இருந்த பேகர்லி, கூம்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்திருந்தது. மருந்து கேட்பவர், கேட்காதவர் என்ற அடையாளங்கள் சில இடங்களில் தலைகீழாகக் கிடந்தன. சோதனைகள் நிறுத்தப்பட்டன, 2011-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஒரு வரிசை நகர்ந்தால் எக்செல்லில் கண்ணுக்குத் தெரியாது. நோயாளிக்குப் போகும் மருந்து மாறிவிடும்.

பி வேல்யூவுக்கு வருகிறேன். டாக்டர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான். மருந்தே வேலை செய்யாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எத்தனை வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. 0.05-க்குக் கீழே வந்தால் ‘சிக்னிஃபிகன்ட்’ என்பார்கள். எஸ்.பி.எஸ்.எஸ்-இன் பழைய பதிப்புகள் சில நேரம் அதை .000 என்று காட்டும். பூஜ்யம் என்று ஒரு பி வேல்யூ கிடையாது. மூன்று தசம இடத்துக்கு மேல் அது காட்டவில்லை, அவ்வளவுதான். 0.001-க்குக் குறைவு என்று எழுத வேண்டும். ஆனால் அச்சாகி பைண்ட் ஆன தீசிஸ்களிலேயே 0.000 பல்லிளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நிஜ டேட்டாவில் பி வேல்யூ எடுக்க விடும் முன் மேடம் எனக்கு வைத்த பயிற்சி இது. ‘ஆர்’-இல் வெறும் குலுக்கல் எண்களை உண்டாக்கு. பாதிப்பேர் மருந்து எடுத்தவர்கள், பாதிப்பேர் எடுக்காதவர்கள் என்று பெயர் வை. இருபது விஷயங்களை ஒப்பிட்டுப் பார். மருந்தும் இல்லை, நோயும் இல்லை, நோயாளியே இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப ஓட்டினால், ஏதாவது ஒன்றாவது 0.05-க்குக் கீழே வந்து ‘சிக்னிஃபிகன்ட்’ என்று நிற்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது ஒப்பீட்டில் அப்படி நேரும் வாய்ப்பு 64 சதவீதம். வகுப்பில் இதே கணக்கைப் பரீட்சைக்குப் போட்டிருக்கிறேன். திரையில் பார்த்தபோதுதான் பயமாக இருந்தது.

ஒருநாள் ஒரு டாக்டர், “பி 0.06 வருது மேடம். ரெண்டு பேஷன்ட்டை எடுத்துட்டா சரியாயிடும். என் கைடு சிக்னிஃபிகன்ட் வந்தே ஆகணும்ங்கிறார்” என்றபோது மேடம் கத்தவில்லை. “எந்த ரெண்டு பேரை எடுக்கணும்னு விடையைப் பார்த்துட்டுத்தானே டாக்டர் முடிவு பண்ணீங்க?” என்றார். பிறகு திருவள்ளூர்ப் பக்கம் நடந்த பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையைச் சொன்னார். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்துத் தொடங்கிய ஆய்வு. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று கண்டு, அப்படியே அச்சிட்டார்கள். யாரும் எதிர்பார்த்த விடை அது அல்ல. இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். “நம்ம ஊர்ல பலன் இல்லைன்னு எழுதினவங்க யாரும் ஃபெயில் ஆகலை டாக்டர்.” அவர் 0.06 என்றே எழுதினார். பாஸும் ஆனார்.

மேடம் எனக்குப் படிக்கக் கொடுத்தவற்றில் மனதில் தங்கியது 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த நீண்ட கட்டுரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையத்தின் ஆய்வு அது. அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய் என்றால் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் வேண்டும் என்று உலகம் நம்பிய காலம். சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம், இன்னொன்றுக்கு நெரிசலான சொந்த வீடு. மருந்து இரண்டுக்கும் அதே ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குத்தான் எடையும் அதிகம் கூடியது.

இதை இன்று எஸ்.பி.எஸ்.எஸ்-இல் போட்டால், அத்தனை சிறிய ஆய்வில் பி வேல்யூ 0.05-க்கு மேலேயே நிற்கும். ‘வித்தியாசம் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அவர்கள் அப்படிப் போகவில்லை. சாப்பாட்டில், எடையில், படுக்கை ஓய்வில் சானடோரியம் முன்னால் இருந்தும், குணமாவதில் அது பெரிய லாபம் தரவில்லை என்பதை ஒவ்வோர் அட்டவணையாகக் காட்டினார்கள். வீட்டில் நோயாளியை வைத்திருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்றுமே என்ற கேள்விக்காக, அந்தக் குடும்பங்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். கூடுதல் ஆபத்து தெரியவில்லை. வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது உலக வழக்கமானதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். அதைச் செய்தவர்களிடம் இன்று நம் மேசை மேல் இருக்கும் சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது. கேள்வியும் குலுக்கலும் பின்தொடரும் பொறுமையும் இருந்தன.

எங்களிடம் வரும் ஃபைல்களில் பெரும்பாலும் அந்த முதல் இரண்டும் இருக்காது, போதுமான ஆட்களும் இருக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சைப் புண்ணில் சீழ் வைப்பதை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக ஒரு மருந்து குறைக்கிறதா என்று பார்க்க, வழக்கமான கணக்குப்படி ஒரு பிரிவுக்குச் சுமார் 200 பேர் வேண்டும். முப்பதும் முப்பதுமாகக் கொண்டுவருவார்கள். மருந்து நிஜமாகவே அந்த அளவு வேலை செய்து, ஆறு பேருக்கு எதிராக மூன்று பேர் என்று வந்தாலும் எதையும் நிரூபிக்க முடியாது. அந்தக் கட்டத்தில் ‘ஆர்’ வந்தாலும் பயனில்லை, கட்டளையை எழுதித் தரும் ஏ.ஐ. வந்தாலும் பயனில்லை. இங்கிலாந்துப் புள்ளியியலாளர் ஃபிஷர் 1938-இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமையுரையில், ஆய்வு முடிந்தபின் எங்களைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல என்ற பொருளில் பேசினார். இத்தனை வருஷம் கழித்தும் அசோக் நகர் மாடியில் பாதி வேலை அதுதான்.

ஆகவே தீசிஸ் தொடங்கப்போகும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். சினாப்சிஸ் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்பே ஒரு புள்ளியியலாளரைப் பாருங்கள், உங்கள் கல்லூரியிலேயே கம்யூனிட்டி மெடிசின் துறையில் இருப்பவரானாலும் சரி. எத்தனை பேர், எதை அளப்பது, விட்டுப்போனதை எப்படிக் குறிப்பது என்ற மூன்றை மட்டும் பேசி முடிவுசெய்துகொண்டு வார்டுக்குப் போங்கள். எந்த சாஃப்ட்வேர் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.