பூனையின் தவம்

அமெரிக்காவிலிருந்து என் அக்கா மகள் கோடை விடுமுறைக்குச் செங்கல்பட்டு வந்திருந்தாள். கூடவே ஒரு தடிப் புத்தகமும் வந்தது. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் கலை வரலாறு படிக்கப் போகிறாளாம். உலகெங்குமிருந்து பொறுக்கியெடுத்த 250 படைப்புகள் பாடம். புரட்டிப் பார்த்தேன். சோழர் காலத்து நடராஜர் இருந்தார். சாஞ்சியும் தாஜ்மகாலும் இருந்தன. மாமல்லபுரம் இல்லை!

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

பெரிய பாறைச் சிற்பத்தின் முன் நின்று, "ஏழாம் நூற்றாண்டு, பல்லவர் வேலை. இது அர்ஜுனன் தபசு" என்றேன், விருந்தாளிகளிடம் சொல்லும் அதே தோரணையில்.

"அர்ஜுனன்தான் என்று எப்படித் தெரியும், மாமா?"

"எல்லோரும் சொல்கிறார்களே!"

அவள் சிரித்தாள். பட்டியலில் இல்லாத ஒன்றைக் காட்டி, எந்த மரபைச் சேர்ந்தது, காரணம் என்ன என்றும் பரீட்சையில் கேட்பார்களாம். "எல்லோரும் சொல்கிறார்கள் என்று எழுதினால் மார்க் கிடையாது, மாமா."

நோட்டைப் பிரித்துக் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினாள். நடுவே பாறைப் பிளவு, அதில் நாகர்கள். பிளவைக் கங்கையாகக் கொண்டால் தவசி பகீரதன். அருகே நிற்கும் சிவனிடம் பாசுபதம் கேட்கிறான் என்றால் அர்ஜுனன். தீர்த்துச் சொல்லக் கல்வெட்டு இல்லை.

கீழே, யானைக்கு அருகில் ஒரு பூனை, மேலேயுள்ள தவசியைப் போலவே கைகளைத் தூக்கி நிற்கிறது. சுற்றிலும் எலிகள், பரம நம்பிக்கையோடு.

"இந்தப் பூனை யார், மாமா?" என்றாள்.

இருபது வருஷமாகப் பார்க்காமலே விளக்கம் சொல்லி வந்தவனுக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் சந்தேகமில்லாமல் விடை தெரிந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.