கூட யாரு வந்திருக்கா?

சாத்தூருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. தாழ்வாரத்து பெஞ்சில் வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஓரம் நைந்த ஒரு நோட்டு. அட்டையில் எழுதியிருப்பது பாதிக்கு மேல் ஆண்பிள்ளைப் பெயர். அந்தப் பெயர்க்காரர்கள் வெளியே வேம்படியில் பைக் மேல் சாய்ந்து நிற்கிறார்கள். பார்த்தால் யாருக்கோ துணைக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

எனக்கும் பிரஷர்தான். சீட்டில் எண் 31. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுவரில் கிழமை எழுதிய பலகை. செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் தடுப்பூசி. ஆம்பளைக்கென்று கிழமை ஏதும் இல்லை. அவனுக்காக ஒட்டியவை இரண்டு படங்கள். ஒன்றில் புகையிலை தின்று அழுகிய வாய். இன்னொன்று நவீன வாசக்டமி. இரண்டையும் தாண்டிப் போகிறவர்கள் சரியாக அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

"பதினெட்டு!"

பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வெளியே பார்த்துக் கையசைக்கிறாள். வேம்படியிலிருந்து ஒருவர் பீடியை நசுக்கிவிட்டு வருகிறார். லாரி ஓட்டுகிறவர் என்பது அந்த அம்மாள் பேச்சிலேயே தெரிந்தது.

"என்னண்ணே செய்யுது?" என்கிறார் சிஸ்டர்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையாம்! பின்மண்டை வலிக்குன்னு நேத்து ராத்திரி பூராம் உக்காந்திருந்தாக சிஸ்டர். கிறுகிறுப்பு நின்னுருச்சுன்னு மாத்திரையையும் நிப்பாட்டிட்டாக. வீட்டுக்கு வந்து பிரஷர் பாக்குற அக்கா பத்து மணிக்கு வாராக. இவுக எட்டுக்கே கெளம்பிருவாக."

அந்த அக்காவை அனுப்புவது மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். மருத்துவம் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. வருகிற நேரத்தில் ஆள் வாசலில் இல்லை.

பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறார்கள். மேலே 176, கீழே 104. "நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறு தாண்டக் கூடாதுண்ணே." அவர் தன் கையைப் பார்க்கிறார். டயரில் காற்று குறைந்தால் வண்டி இழுப்பதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இந்தக் கை அப்படி எதையும் சொல்லவில்லை. பிரஷர் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை நோயென்று ஒத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்து ஒரு பையன், கூட அவன் அம்மா. சிவகாசி அச்சாபீஸில் வேலை. ராத்திரியானால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதாம். விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, இதயத்தில் கோளாறு இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

"மனசுல ஏதும் கவலை இருக்காப்பா?"

"அவனுக்கென்ன கவலை? வேளாவேளைக்குச் சோறு இருக்கு, வேலை இருக்கு" என்றாள் அம்மா.

பையன் வாய் திறக்கவில்லை. அவன் கையில் இருந்த போன் அதிர்ந்தது. எடுக்காமல் தொடைமேல் கவிழ்த்து வைத்தான். மறுபடி அதிர்ந்தது. உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டான். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனின் பின்மண்டை வலியைப் பெண்டாட்டி எடுத்துச் சொல்லிவிடலாம். இந்த அதிர்வை யார் எடுத்துச் சொல்வது?

சிஸ்டர் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் ஒரு தாளில் 14416 என்று எழுதி அவன் கையில் கொடுத்தார். "ராத்திரியிலயும் எடுப்பாங்க. தமிழ்லயே பேசலாம். நம்ம சொன்னா வெளிய போகாது." மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் அது. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அதே 2022இல் இந்தியாவில் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் ஆண்கள் 1,22,724. பத்துக்கு ஏழு. அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது கேட்டிருப்பார்கள், எத்தனை பேர் ஒண்ணுமில்ல என்றிருப்பார்கள் என்பது எந்தக் காப்பகத்திலும் இருக்காது.

பையன் தாளை நான்காக மடித்தான். அம்மா பார்க்காத பையில் போட்டுக்கொண்டான்.

"இருபத்தாறு!"

பெஞ்சிலிருந்து யாரும் எழவில்லை. வேம்படிப் பக்கமும் அசைவில்லை. தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையில் மஞ்சப்பை.

"கூட யாரு வந்திருக்கா தாத்தா?"

அவர் பையிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். சிஸ்டர் மேலே இருந்ததைப் பிரித்தார். "இது பாட்டி நோட்டுல்ல. பாட்டி வரலையா?"

"அதக் குடுத்துட்டுப் போவோம்னுதான் வந்தேன். மாத்திரையும் மிச்சம் கெடக்கு. வேற யாருக்காச்சும் ஆகும்ல."

சிஸ்டர் கையிலிருந்த பேனா நின்றது. "எப்ப தாத்தா?"

"போன அமாவாசைக்கு மக்யா நாளு."

அவருடைய சொந்த அட்டைகளைப் பார்த்தார்கள். ஒன்றில் நாலு மாத்திரை பிதுக்கியிருந்தது. மற்றவை வாங்கின மாதிரியே இருந்தன. "அவ சொம்புத் தண்ணியோட நீட்டுவா. வாங்கிப் போட்டுக்குவேன். எது காலைக்கி, எது ராத்திரிக்கின்னு பாத்ததில்ல."

"தூக்கம் வருதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

காலையிலிருந்து இந்தத் தாழ்வாரத்தில் எத்தனையாவது ஒண்ணுமில்ல இது! மற்றவர்கள் சொன்னபோது பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்து மறுத்தது. இவர் பக்கத்தில் தூண் மட்டும் நிற்கிறது.

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

வெகு நேரம் பதில் இல்லை. பிறகு, "புரோட்டாக் கடை பூட்டியிருந்துச்சு" என்றார்.

அதற்கப்புறம் அவர் பேசினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் உதடும் கையும்தான் தெரிந்தன. அடுப்பு பற்றவைப்பது மாதிரி ஒரு கை போயிற்று. திண்ணையைக் காட்டுவது மாதிரி இன்னொன்று. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். சிஸ்டர் எழுதவில்லை. வரிசையில் யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. மருந்து வாங்கிவிட்ட லாரிக்காரர் வேம்படிக்குத் திரும்பாமல் மனைவிக்குப் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் சிஸ்டர் இரண்டு கவரை எடுத்தார். ஒன்றின்மேல் சூரியன், மற்றதன்மேல் பிறை. பேனாவால் பெரிதாகப் போட்டார். "ரெண்டு மாசத்துக்கு இருக்கு. ஆனா நீங்க வர்ற செவ்வாக்கெழமையே வந்துருங்க."

பெரியவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். "செவ்வா பிள்ளத்தாச்சிகளுக்குல்லம்மா?"

"பரவால்ல. நீங்களும் வாங்க."

அவர் தலையாட்டிவிட்டு மஞ்சப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். கொடுத்துவிட்டுப் போக வந்த நோட்டும் அந்தப் பைக்குள்ளேயே போயிற்று. அவர் கொடுக்கவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை.