தாயுள்ளம் கேட்க வேண்டிய கேள்வி

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில், வேலைமுறை மாறும் வேளைகளில் வரிசை வரிசையாய்ச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளைக் காணாதார் இலர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியபின் இப்பகுதிச் சிற்றூர்களின் முகமே மாறிற்று. இன்று மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் கூடங்களில் நிற்போருள் மிகப்பலர் இளம்பெண்கள்; தொலைவூர்களில் தாயை விட்டு வந்தவர்கள். தாயையும் மகளையும் இணைப்பது ஒரு கைப்பேசியே.

அந்தக் கைப்பேசி அச்சத்திற்கும் வாயிலாவதை 2021 டிசம்பரில் கண்டோம். விடுதி உணவு ஒவ்வாமல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர் நோயுற்றனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவவே, தோழியர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் திரண்டு அமர்ந்தனர். இறப்பு ஏதும் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அந்நாள்களில் எத்தனை தாய்மார் கண்ணுறங்கியிருப்பர்!

ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின், மகளைக் காண ஊரிலிருந்து வந்திருந்த தாய் ஒருவர் நம்மிடம் முறையிட்டார்: “ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் பண்றேன் சாமி. எடுக்கவே மாட்டேங்கிறா. எங்களை மறந்துட்டா.” மகள் தலைகுனிந்து நின்றாள். பின்னர்த் தனியே சொன்னாள்: “அம்மா குரல் நடுங்கினா எனக்கும் படபடங்குது சாமி. அப்புறம் என் கஷ்டத்தை எங்க சொல்றது?”

இருவரிடமும் அன்புக்குக் குறைவில்லை. எனினும் தாயின் அச்சம் இடம் முழுவதையும் நிரப்பிவிட, மகளின் அச்சத்திற்கு இருக்க இடமில்லாமற்போயிற்று.

குழந்தை தாயைப் பற்றிக்கொள்வது பாலுக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும்தான் என்று இங்கிலாந்து மருத்துவர் ஜான் பௌல்பி கடந்த நூற்றாண்டில் விளக்கினார். அவர் வழிவந்த பீட்டர் ஃபோனகியும் உடன் ஆய்வாளரும் 1991இல் மேலும் ஒன்றைச் சுட்டினர். பிள்ளையின் செயலுக்குப் பின்னே அதற்கே உரிய எண்ணமும் உணர்வும் உண்டென்று கருதிப் பார்க்கும் திறன் தாய்க்கு வேண்டும் என்பதே அது. தம் இளமையில் துயருற்ற தாய்மாரிடத்தும் இத்திறன் இருப்பின், அவர்தம் குழந்தைகள் பாதுகாப்புணர்வுடன் வளர்வதை அவர்கள் கண்டனர். பட்ட துன்பம் பரம்பரைச் சொத்தாக வேண்டியதில்லை என்பது எத்துணை ஆறுதல்!

பன்னிரண்டு வயது மகனை மூன்று நாள் தேடிக் கோவிலில் கண்ட அன்னை மரியாவை லூக்கா நமக்குக் காட்டுகிறார். அன்னை தம் வேதனையை மறைக்கவில்லை; ஏன் என்றும் வினவினார். கிடைத்த விடையோ விளங்கவில்லை. விளங்காததை வெறுத்து ஒதுக்காமல் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார். மகனுக்குத் தாம் அறியாத ஓர் உள்ளம் உண்டென்று ஏற்ற தாய்மை அது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. நல்ல உணவும் உறைவிடமும் தருவது அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய கடமை. தாயின் பொறுமை அதற்கு ஈடாகாது. ஆனால் எந்த விடுதியும் தர இயலாத ஒன்று தாயின் கையில் உண்டு. “ஏன் எடுக்கவில்லை?” என்பதற்கு முன்னே, “நேற்று இரவுமுறை எப்படி இருந்தது கண்ணே?” என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருத்தலே அது. அந்தச் சிறு மௌனத்தில்தான் மகள் பேசத் தொடங்குவாள்.