கைப்பட்டையும் கால்வலிமையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டச் சரிவுகளில் நாளெல்லாம் குனிந்து காய் பறிக்கும் நம் தாய்மாருக்குத் தள்ளாடாத நடையைத் தந்தது எந்தக் கருவியுமன்று, பழக்கமே.

ஆனால் அவர்தம் பிள்ளைகளோ, அணிந்தால் ஆட்டத்திறன் கூடும் எனும் காந்தக் காப்புகளை நாடுகின்றனர். 2007-இல் கலிபோர்னியாவில் தோன்றிய 'பவர் பேலன்ஸ்' நிறுவனமும் ஹோலோகிராம் பதித்த சிலிக்கோன் பட்டையை இவ்வாறே விற்றது. புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அணிந்தனர், உலகம் நம்பியது.

விற்பவர் காட்டும் சோதனை எளியது. ஒற்றைக்காலில் நிற்கச் செய்து, நீட்டிய கையை அழுத்துவார், தள்ளாடுவோம். பட்டையை மாட்டி மறுபடி அழுத்துவார், நிலைத்து நிற்போம். இதில் வியப்பென்ன? இரண்டாம் முறை உடல் அழுத்தத்தை எதிர்பார்த்து ஆயத்தமாகிறது. அழுத்தும் திசை சற்றே உடற்பக்கம் திரும்பினும் முடிவு மாறும். மெய்ப்பட்டை எது, போலி எது என இருவருமே அறியாதவாறு சோதித்தாலன்றி உண்மை விளங்காது.

2010 டிசம்பரில், தன் கூற்றுக்கு நம்பத்தக்க அறிவியல் சான்று இல்லையென அந்நிறுவனமே ஆஸ்திரேலியாவில் ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது.

உத்தரியமும் செபமாலையும் அணியும் நமக்கும் இதில் பாடமுண்டு. உள்ளம் ஒன்றாது, வெளிச்செயல் மட்டுமே பயன்தருமெனக் கருதுவது மூடநம்பிக்கை என்பதே திருச்சபையின் மறைக்கல்வி. அருளின் அடையாளத்தைத் தாயத்தாக்குவது தகுமோ?

பெற்றோரே, ஏலக்காட்டுக் கூலியில் காப்பு வாங்காதீர். நல்ல காலணியும் நாளொரு முட்டையும் வாங்கித் தாருங்கள். பயிற்சி பிள்ளையின் பொறுப்பு.