சுரங்கத்தில் கிடைக்காத ஞானம்



யோபுவின் புத்தகம் 28ஆம் அதிகாரம், பூமியைத் தோண்டிச் செல்வத்தை வெளிக்கொணரும் மனிதனின் திறமையை விரிவாக எடுத்துரைக்கிறது. அதன்பின், ஞானம் அந்தச் சுரங்கங்களில் அகப்படாது என்றும் உணர்த்துகிறது.

இன்று பலரும் பேசுவது அரிய மண் தனிமங்களின் சுரங்கங்களைப் பற்றியே. இவை மொத்தம் 17. மின்வாகன மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் தேவையான வலிமைமிக்க காந்தங்கள் இவற்றால் செய்யப்படுகின்றன. 2025 ஏப்ரலில் சீனா இவற்றுள் ஏழின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின், இந்தச் சுரங்கப் பங்குகளைக் குறித்த பேச்சு நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. மகளின் செவிலியர் படிப்புக்கென்று சேர்த்த பணத்தை இவற்றில் போடலாமா என்று நம் சபையின் தம்பதியர் என்னிடம் கேட்டனர். நான் நிதி ஆலோசகன் அல்லன். ஆயினும் நடந்த ஒன்றை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன்.

கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தை மோலிகார்ப் என்னும் நிறுவனம் நடத்திவந்தது. 2010 ஜூலையில் அதன் பங்கு 14 டாலருக்கு வெளியிடப்பட்டது. அவ்வாண்டிலேயே சீனா ஏற்றுமதி அளவைக் குறைத்தது, உலகம் அஞ்சியது, 2011இல் பங்கின் விலை 70 டாலரைத் தாண்டியது. ஆனால் தனிமங்களின் விலை ஏறியதும், தொழிற்சாலைகள் அவற்றைக் குறைவாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. ஆஸ்திரேலியாவின் லைனஸ் போன்ற நிறுவனங்களும் உற்பத்திக்கு வந்தன. விலை சரிந்தது. ஆலைக்காகப் பெருங்கடன் பட்டிருந்த மோலிகார்ப், 2015 ஜூனில் திவால் மனு தாக்கல் செய்தது. பழைய பங்குகள் மதிப்பற்றுப்போயின.

இதில் தாது பொய்யன்று. அதன் தேவையும் பொய்யன்று. அதே சுரங்கம் இன்று எம்.பி. மெட்டீரியல்ஸ் என்னும் நிறுவனத்தின் கையில் இயங்குகிறது; 2025இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே அதில் முதலீடு செய்ய உடன்பட்டது. ஆயினும், அச்சம் உச்சத்தில் இருந்தபோது வாங்கி, இறுதிவரை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு பொருள் உலகத்துக்குத் தேவை என்பது வேறு. அதைத் தோண்டும் நிறுவனத்தின் பங்கு நமக்கு இலாபம் தரும் என்பது வேறு.

முதலீடு செய்வது பாவமன்று. ஆனால் நாம் உரிமையாளர்கள் அல்லர், உக்கிராணக்காரர்கள். பல ஆண்டுகள் தொடாமல் வைக்கக்கூடிய பணம் எது, வருகிற ஜூனில் கல்லூரிக்குக் கட்டவேண்டிய பணம் எது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது பணம், விலை மீண்டும் ஏறும்வரை காத்திருக்க இயலாது. நிறுவனத்தின் கடன் எவ்வளவு என்றும், தாதுவைப் பிரித்தெடுக்கும் ஆலை உண்மையில் இயங்குகிறதா என்றும் விசாரியுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில், அரிய மண் தனிமங்களோடு கதிரியக்கமுள்ள தோரியமும் கலந்திருக்கிறது. மணல் எடுப்பதைக் குறித்துக் கரையோர மக்கள் கொண்டிருக்கும் கவலையை நாம் அறிவோம். எந்த நாட்டுச் சுரங்கமானாலும், அதன் பங்கை வாங்குகிறவர் இலாபத்துக்கு மட்டுமன்றி, அதன் கழிவுக்கும் பங்காளியாகிறார்.

யோபுவின் அந்த அதிகாரம் தேவபயத்தையே ஞானமாகச் சுட்டி முடிகிறது. தேவனுக்கு அஞ்சுகிறவர், சந்தையின் அச்சத்தைக் கண்டு அவசரப்படத் தேவையில்லை. பொறுமையாய் விசாரித்து முடிவெடுக்கும் தெளிவைக் கர்த்தர் உங்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அருளுவாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்